பச்சை நம்பர் பிளேட்டும் ஊர்ப் பேச்சும்: விலை உயர்ந்த மின்சாரக் கார் வாங்கும்போது யார் கருத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது?

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து மின்சாரக் கார் வாங்கும் வசதியுள்ள குடும்பங்களில், ஷோரூமுக்குப் போய் ஓட்டிப் பார்த்து, விலைப் பட்டியலும் வாங்கி வந்து, வங்கியிலும் பேசி முடித்த பிறகு, முடிவு அப்படியே மாதக்கணக்கில் கிடப்பில் கிடப்பதைக் காண முடிகிறது. காரைப் பற்றிய ஐயங்கள் தீர்ந்தாலும் "சொந்தபந்தம் என்ன சொல்லும்" என்ற கேள்வி தீர்வதில்லை. இதற்கு ஊரில் கிடைக்கும் விடைகள் இரண்டு. ஊர் ஆயிரம் பேசும், விட்டுத் தள்ளு என்பது ஒன்று. எதற்கு வம்பு, எல்லோரும் வைத்திருக்கும் வண்டியையே எடு என்பது மற்றொன்று. இரண்டுமே பேசுகிறவர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகின்றன. யார் பேச்சில் தகவல் இருக்கிறது, யார் பேச்சுக்குப் பின்னால் செலவு வருகிறது, யார் பேச்சு காற்றோடு போய்விடும் என்று பிரித்துப் பார்க்காமல் இக்கேள்விக்கு விடை காண இயலாது.

## மின்சாரக் கார் ஏன் கூடுதலாகப் பேசப்படுகிறது?

முதற்காரணம் கண்ணுக்குத் தெரிவது. மின்சார வாகனங்களுக்குப் பச்சை நிற நம்பர் பிளேட் பொருத்த வேண்டும் என்று மத்திய அரசு 2018இல் வகை செய்தது. சொந்த வாகனமானால் பச்சையின் மேல் வெள்ளை எழுத்து, வாடகை வாகனமானால் மஞ்சள் எழுத்து. பெட்ரோல் காரையும் டீசல் காரையும் தெருவில் நின்று பிரித்தறிவது எளிதன்று. மின்சாரக் காரோ நூறு அடி தொலைவிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வாங்கியவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது ஓர் அறிவிப்பு.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. பெரிய கார்களுக்கு நம் ஊரில் நிலைபெற்ற பொருள் ஏற்கெனவே உண்டு. வெள்ளை இன்னோவா என்றால் குடும்பம் பெரிது, நெடுந்தூரம் போகிறார்கள், விற்றாலும் விலை போகும் என்று பொருள். ஸ்கார்ப்பியோ, பார்ச்சூனர் என்றால் அரசியலோ காண்ட்ராக்ட் தொழிலோ இருக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் ஊகிக்கிறார்கள். அந்த ஊகம் சரியோ தவறோ, பார்ப்பவருக்கு மேற்கொண்டு கேட்க எதுவும் இல்லை. மின்சாரக் காருக்கு அப்படி ஒரு பொருள் இன்னும் படியவில்லை. அதை வாங்கியவர் பணக்காரரா, படித்த கிறுக்கரா, பெட்ரோல் செலவுக்கு அஞ்சியவரா என்று தெரியாததால் பார்ப்பவர் நிறுத்திக் கேட்கிறார். இன்னோவா வாங்கியவருக்கு வாழ்த்தோடு முடிவது, மின்சாரக் கார் வாங்கியவருக்கு விசாரணையாக நீள்வது இதனால்தான்.

இந்தப் பொருள் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் டெஸ்லா மின்சாரக் கார் நிறுவனத்தின் தலைவர் எலான் மஸ்க்கின் அரசியல் ஈடுபாடு சர்ச்சையான பிறகு, 2025இல் டெஸ்லா உரிமையாளர்கள் பலர், அவர் இப்படி ஆவதற்கு முன்பே வாங்கிய வண்டி இது என்று சொல்லும் ஸ்டிக்கர்களைத் தங்கள் கார்களில் ஒட்டிக்கொண்டார்கள். அங்கே அச்சம் அரசியல் அடையாளம் பற்றியது. அதே டெஸ்லாவின் மாடல் ஒய் 2025 ஜூலையில் ஏறத்தாழ 60 லட்சம் ரூபாய்த் தொடக்க விலையில் இந்தியாவுக்கு வந்தது. அதை மதுரையில் ஒருவர் வாங்கினால் மஸ்க்கின் அரசியலை யாரும் விசாரிக்க மாட்டார்கள். அறுபது லட்சம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்பார்கள்.

மதுரைக்கு மோட்டார் வண்டி புதிதும் அன்று. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தம் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கியது இந்த ஊரில்தான். இப்போது மதுரைக்குத் தெற்கே தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்டில் மின்சாரக் கார் ஆலையைத் திறந்திருக்கிறது. அதன் விஎப் 7 கார் 2025இல் ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய்த் தொடக்க விலையில் அறிமுகமானது. ஹூண்டாயின் கிரெட்டா எலெக்ட்ரிக், மஹிந்திராவின் எக்ஸ்இவி 9இ ஆகியவையும் 2025இல் விற்பனைக்கு வந்து இதே விலை வட்டத்தைச் சுற்றி நிற்கின்றன. பச்சை பிளேட் தெருவுக்கு நான்கு என்று ஆகும் நாளில் இந்த விசாரணை தானாகவே அடங்கும். அதுவரை முதலில் வாங்குபவர்களே ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

## பேசுகிறவர்களை எப்படிப் பிரிப்பது?

1. சம்மதம் தர வேண்டியவர்கள். மனைவி அல்லது கணவர், கடனில் கூட்டுக் கையொப்பம் இடுபவர், பிரிக்கப்படாத சொத்தில் பங்குள்ள அண்ணன் தம்பி, அடுக்குமாடியானால் குடியிருப்போர் சங்கம். இவர்கள் சொல்வதைக் கருத்து என்று சொல்வதே பொருந்தாது. அவர்கள் இசையாமல் காரியம் நடக்காது.

2. தகவல் வைத்திருப்பவர்கள். மின்சாரக் காரை ஓராண்டாவது ஓட்டியவர், எலெக்ட்ரீஷியன், காப்பீட்டு முகவர், பழைய கார் வாங்கி விற்பவர். ஐயத்தைக் கேள்வியாகக் கேட்கும் மாமாவும் இதில் சேர்வார். அவரிடம் விடை இராது, ஆனால் நல்ல கேள்வி இருக்கும்.

3. காரைப் பார்த்ததும் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்பவர்கள். மொய், சீர், கைமாற்று, நன்கொடை ஆகியவற்றின் வழியாக இவர்களுடைய எண்ணம் நம் பணப்பைக்கு வந்து சேரும்.

4. வெறுமனே பேசுபவர்கள். "அகலக்கால் வைக்கிறான்", "பவுசு காட்டுறாங்க" என்பதோடு இவர்கள் வேலை முடிந்துவிடும்.

பெரும்பாலான கவலை நான்காம் வகையினரைச் சுற்றியே ஓடுகிறது. கவனம் வேண்டிய இடமோ இரண்டாவதும் மூன்றாவதும். முதல் வகையினரிடம் கலந்து பேசாமல் நான்காம் வகையினருக்காகத் தூக்கம் கெடுவது, என் பார்வையில், இந்த விஷயத்தில் நடக்கும் ஆகப்பெரிய தவறு.

## மாமாவின் கேள்விகள்

"ஏன் மாப்ள, இம்புட்டு ரூபாயைக் கொட்டி பேட்டரி வண்டியா எடுக்குறது? அஞ்சாறு வருசத்துல பேட்டரி போச்சுன்னா என்ன செய்வீங்க?" இப்படிக் கேட்கும் பெரியவரைப் பொறாமைக்காரர் என்று ஒதுக்குவது நியாயமன்று. அவருக்குத் தெரிந்த பேட்டரி வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய அமில பேட்டரி. அது சில ஆண்டுகளில் ஓய்ந்துபோவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். கார்களில் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. திடீரென்று சாவதற்குப் பதிலாக அதன் கொள்ளளவு ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறையும். எட்டு ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பல நிறுவனங்கள் பேட்டரிக்குத் தரும் உத்தரவாதம். உத்தரவாதத் தாளில் படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு: கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது. அந்த வரியைப் படித்தவருக்கு மாமாவிடம் சொல்லப் பதில் இருக்கும்.

தீ பற்றும் என்ற அச்சத்துக்கும் வரலாறு உண்டு. 2022இன் முற்பாதியில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்த காணொளிகள் கைப்பேசி தவறாமல் வந்தன. அவை ஊர் மனத்தில் பதிந்தது இயல்பே. அதன் பிறகு பேட்டரிப் பாதுகாப்புத் தரங்கள் கடுமையாக்கப்பட்டன: இருசக்கர வாகனங்களுக்கு ஏஐஎஸ் 156, கார்களுக்கு ஏஐஎஸ் 038 என்ற விதிகளின் திருத்தங்கள் 2022 டிசம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஸ்கூட்டரில் கண்டதைக் காருக்கு அப்படியே பொருத்துவது தவறு. எனினும் வீட்டில் சார்ஜ் செய்யும் வயரிங்கும் எர்த்தும் சரியாக உள்ளனவா என்ற கேள்வி இங்கே முழுக்கப் பொருந்தும்.

தூரம் பற்றிய கேள்விக்கு ஊர்ப்பெயர் சொல்லி விடை காணலாம். அறிவிக்கப்பட்ட தூரம் சோதனைக்கூட முறையில் அளக்கப்படுவது. ஏசி போட்டு நான்கு வழிச்சாலையில் ஓட்டும்போது அதில் நான்கில் மூன்று பங்கு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. அப்படிப் பார்த்தால் 450 கிலோமீட்டர் என்று அறிவிக்கப்பட்ட கார் 335 கிலோமீட்டர் அளவுக்கு ஓடும். மதுரையிலிருந்து ராமேசுவரம், திருநெல்வேலி, திருச்சி எதற்கும் ஒருவழிப் பயணத்தில் இடையில் நிறுத்த வேண்டியதில்லை. சென்னை ஏறத்தாழ 460 கிலோமீட்டர். வழியில் ஓரிடத்தில் விரைவு சார்ஜிங் கட்டாயம். கொடைக்கானல் தொலைவில் குறைவென்றாலும் உயரம் 2,100 மீட்டருக்கு அருகில். ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள கார் மதுரையிலிருந்து அந்த உயரத்துக்கு ஏற, சமதளத்தில் ஆகும் செலவுக்கு மேல் ஏறத்தாழ 11 யூனிட் மின்சாரம் தேவைப்படும். இது இயற்பியல் கணக்கு; எந்த நிறுவனத்தின் காரும் இதிலிருந்து தப்ப முடியாது. இறங்கும்போது மோட்டாரே பிரேக் போலச் செயல்பட்டு அதில் ஒரு நல்ல பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும்.

செலவைப் பொறுத்தவரை, மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் மாதம் 143 யூனிட், இரண்டு மாத பில்லில் 286 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிநிலை முறையில் உயர்வதால், இந்தக் கூடுதல் யூனிட் முழுவதும் மேல் படியில்தான் விழும். ஏற்கெனவே இரண்டு ஏசி ஓடும் வீட்டில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று வைப்பது மிகையாகாது. அப்படியும் மாதம் 1,430 ரூபாய். லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 7,000 ரூபாயைத் தாண்டும். "கரண்ட் செலவே கிடையாது" என்று சொல்லும் விற்பனையாளரும் தவறு, "கரண்ட் பில்லிலேயே எல்லாம் போய்விடும்" என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரும் தவறு.

விலையை ஒப்பிடுவதிலும் ஷோரூம் விலையை மட்டும் பார்த்து "அதே காசுக்குப் பெரிய டீசல் வண்டி வருமே" என்பார்கள். மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம். பெரிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குச் சாலை வரி 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். மின்சார வாகனங்களுக்கு அந்த வரியிலிருந்து 2025 இறுதி வரை முழு விலக்கு இருந்தது. 20 லட்சம் ரூபாய்க் காரில் இது மட்டுமே ஏறத்தாழ மூன்றரை லட்சம் வித்தியாசம். வாங்கும் நாளில் இந்த விலக்கின் நிலை என்ன என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு கணக்கிட வேண்டும்.

மறுவிற்பனை பற்றி மாமா சொல்வது மட்டும் அப்படியே சரி. பேட்டரி விலை குறைந்துகொண்டும் புதிய மாடல்கள் கூடிக்கொண்டும் வருவதால் பழைய மின்சாரக் கார்களின் விலை வேகமாகச் சரிகிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் வண்டியை மாற்றும் பழக்கமுள்ளவர், இந்த ஒரு காரணத்துக்காகவே தயங்குவது நியாயம்.

## காரைப் பின்தொடர்ந்து வரும் செலவுகள்

"யார் என்ன சொன்னால் என்ன" என்ற அறிவுரை நம் பக்கத்துக்குப் பொருந்தாமல் போவது இந்த மூன்றாம் வகையில்தான். இங்கே பிறர் மதிப்பீடு மனவருத்தத்தோடு நிற்பதில்லை. ரூபாயாக வந்து நிற்கிறது.

மொய்யை எடுத்துக்கொள்வோம். காதணி விழா மண்டபத்து வாசலில் மேசை போட்டு இருவர் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ண, மற்றவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் எழுதுவார். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பல மண்டபங்களில் கணினியில் பதிந்து ரசீதும் தருகிறார்கள். அது எழுத்தில் உள்ள கடன். அடுத்த விழாவில் கூட்டித் திருப்ப வேண்டியது. 25 லட்ச ரூபாய்க் காரில் வந்து இறங்கியவர் சென்ற ஆண்டு எழுதிய அதே 2,000 ரூபாயை எழுதும்போது மேசையில் உள்ளவர்கள் வாய் திறந்து எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் "வண்டி எடுத்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டோம்" என்ற ஒரு வரி வந்து விழும். தாய்மாமன் முறை உள்ளவருக்குச் சீர் வரிசையிலும் இதே உயர்வு. கைமாற்றாக ஐம்பதாயிரம் கேட்பவர், கோவில் கும்பாபிஷேகத்துக்கு நோட்டீஸில் பெயர் போடுவதாகச் சொல்லி வருபவர் என்று வரிசை நீளும்.

வீட்டில் திருமண வயதில் பெண் இருந்தால் நிலைமை இன்னும் கடினம். வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். ஆயினும் மாப்பிள்ளை வீட்டாரின் எதிர்பார்ப்பு வாசலில் நிற்கும் காரைப் பார்த்து உயர்வதை மறுப்பதற்கில்லை. அந்த எதிர்பார்ப்புக்குப் பணிவது தவறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதற்காகக் காரை வாங்காமல் இருப்பதும் ஒரு வகைப் பணிதல்தான். வாங்குபவர் முன்கூட்டியே செய்யக்கூடியது, மொய்க்கும் உதவிக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று காருக்கு முன்பிருந்த தொகையையே வீட்டில் பேசி நிலைநிறுத்துவது. முதல் ஓராண்டு அந்தத் தொகையில் உறுதியாக நின்றுவிட்டால் உறவினர்களின் எதிர்பார்ப்பும் அதற்கேற்பப் படிந்துவிடும்; முதல் விழாவிலேயே கூச்சப்பட்டு இரட்டிப்பாக எழுதினால் அந்த இரட்டிப்பே இனிக் கணக்கு.

"இன்கம்டாக்ஸ்காரன் பார்ப்பான்" என்ற எச்சரிக்கையும் இதே வரிசையில் வரும். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் காருக்கு விற்பனையாளரே 1 சதவீதத்தை வாங்குபவரிடம் வசூலித்து வருமானவரித் துறையில் செலுத்த வேண்டும் என்ற விதி 2016 ஜூன் முதல் உள்ளது. வாங்கிய செய்தி அப்போதே துறைக்குப் போய்விடுகிறது. உறவினர் யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த 1 சதவீதத்தைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம். வருமானம் கணக்கில் உள்ளவருக்கு இது கவலைக்குரியதே அன்று.

## உண்மையில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் செய்து 2000இல் வெளியிட்ட சோதனை பரவலாக அறியப்பட்டது. மாணவர்கள் அணிந்தால் கூச்சப்படக்கூடிய ஒரு பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை ஒருவருக்கு அணிவித்து, பிற மாணவர்கள் அமர்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அணிந்தவர்கள், அறையில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசியே. நம்மைப் பிறர் கவனிப்பதாக நாம் நினைக்கும் அளவு எப்போதும் மிகையானது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள்.

இந்த முடிவை மதுரைக்குப் பாதிதான் பொருத்த முடியும். காளவாசல் சிக்னலில் நிற்கும்போது யாரும் கவனிப்பதில்லை என்பது சரி. சொந்த ஊர்ப் பங்குனிப் பொங்கலுக்கு அதே காரில் போய் இறங்கினால் ஊரே கவனிக்கும். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நாம் மிகைப்படுத்துவது கவனிப்பு நீடிக்கும் காலத்தை. அடுத்த வீட்டு மாடி எழும்பியதும், இன்னொருவர் மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும், பேச்சு அங்கே போய்விடும்.

நெதர்லாந்திலிருந்து 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதைவிட நமக்கு நெருக்கமானது. அங்குள்ள ஒரு லாட்டரி, வாரந்தோறும் ஓர் அஞ்சல் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து, அத்தெருவில் சீட்டு வாங்கியவர்களுக்குப் பணமும் புதிய பிஎம்டபிள்யூ காரும் தருகிறது. பரிசு பெற்றவர்களில் பெரும்பாலோர் அந்தக் காரை விற்றுக் காசாக்கிக்கொண்டார்கள். அதே சமயம், சீட்டே வாங்காத பக்கத்து வீட்டுக்காரர்கள் மற்றவர்களைவிடக் கார்களுக்கு அதிகம் செலவிட்டது தெரியவந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: நம்மைப் பார்த்துப் பேசுபவர், பேசிக்கொண்டே தம் கணக்கையும் போட்டுப் பார்க்கிறார். "எதுக்குங்க இந்த வண்டி" என்று கேட்டவர் ஆறு மாதம் கழித்து எந்த பேங்கில் வட்டி குறைவு என்று கேட்க வருவது அப்படித்தான்.

## பிறருக்காகவே வாங்குவது

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பேச்சுக்கு அஞ்சி வாங்காதவரைவிட, ஊர் மெச்ச வேண்டும் என்று வாங்குபவருக்குத்தான் நட்டம் அதிகம். 20 லட்சம் ரூபாய்க் கடன், 9 சதவீத வட்டி, ஏழு ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 32,200 ரூபாய். வட்டி மட்டும் ஏழு லட்சம். பெட்ரோலில் மாதம் ஐந்தாறாயிரம் மிச்சமாகிறது என்பது இந்தத் தவணைக்கு ஒருபோதும் ஈடாகாது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடாத வீட்டில், 14 லட்ச ரூபாய் மின்சாரக் கார் செய்யும் அதே வேலையை 28 லட்ச ரூபாய்க் காரும் செய்யும். மீதிப் பணம் பெரிய திரைக்கும் கண்ணாடிக் கூரைக்கும் பிறர் பார்வைக்கும் கொடுப்பது. அவற்றில் தனக்கே மகிழ்ச்சி என்றால் அதில் குற்றம் எதுவும் இல்லை. பச்சை பிளேட்டை யாரும் பார்க்க மாட்டார்கள் என்றாலும் இதே மாடலைத்தான் எடுப்போமா என்று வீட்டில் ஒருமுறை கேட்டுப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

## யாரிடம், எந்த வரிசையில் சொல்வது?

1. முன்பணம் கட்டுவதற்கு முன் வீட்டில் இருப்பவர்களிடமும் கடனில் கையொப்பம் இடுபவரிடமும் தவணை, காப்பீடு, மின்கட்டணம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் காட்ட வேண்டும். கூட்டுச் சொத்து உள்ள குடும்பமானால் அண்ணனிடம் நேரில் போய்ச் சொல்வது முறை. பிறர் வாயால் அவர் கேள்விப்படும் இடத்தில்தான் மனக்கசப்பு தொடங்குகிறது.

2. அடுக்குமாடியில் இருப்பவர், வீட்டிலுள்ள மின் இணைப்பிலேயே வாகனத்தைச் சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரி வழிகாட்டுதலில் சொல்லியிருப்பதைச் சங்கத்துக்குக் காட்டலாம். தன் மீட்டரிலிருந்து தனி வயர் இழுக்கிறேன், பொது மீட்டரைத் தொடமாட்டேன் என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் எதிர்ப்பில் பெரும்பகுதி கரைந்துவிடும். கார் வந்த பிறகு கேட்டால் அதே ஆட்கள் அதே கோரிக்கைக்கு ஆறு மாதம் இழுத்தடிப்பார்கள்.

3. தகவல் உள்ளவர்களிடம், மாடலை இறுதி செய்வதற்கு முன் போக வேண்டும். முடிவு செய்த பின் போனால் நாம் கேட்பது பாராட்டை.

4. மற்ற உறவினர்களுக்கு, பாண்டி கோவிலிலோ அழகர்கோவில் கருப்பசாமியிடமோ வண்டிக்குப் பூசை போட்ட பிறகு தெரிந்தால் போதும். விலை கேட்பவர்களுக்கு உள்ளபடியே சொல்லிவிடுவது நல்லது. மறைத்தால் ஊர் தானே ஒரு விலை போட்டுக்கொள்ளும், அது எப்போதும் உண்மை விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.